ஒப்பு நோக்கியவர்

காலையில் சாப்பாட்டு மேசையில் மூன்று தம்ளர் தண்ணீர் இருந்தது.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். அவள் கணவர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். பிள்ளை குட்டி கிடையாது. விருந்தாளி என்று யாரும் அந்தப் படியேறி ஆறு மாதம் இருக்கும். இரண்டு தம்ளர்கள் எப்போதும்போல் திறந்திருந்தன. மூன்றாவது மேசையின் அந்தக் கோடியில், மேலே ஒரு சின்னத் தட்டு போட்டு மூடியிருந்தது. யாராவது வருகிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றார். அப்புறம் எதற்கு இது என்று எடுக்கப்போனவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலிக்காமல்தான் பிடித்தார், ஆனால் விடவில்லை.

“இருக்கட்டும்.”

சரி, வயதானால் மனிதர்களுக்கு ஒவ்வொரு கிறுக்கு வரத்தான் செய்யும். எட்டே முக்கால் பஸ்ஸை விட்டால் நீதிபதியின் கடுகடுத்த முகத்தில் முழிக்க வேண்டும். ஒரு தம்ளருக்கெல்லாம் பஞ்சாயத்து வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பிடி நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வருடம் பிடித்த கையைப் பிடிக்கிற பிடி இல்லை அது. கூட்டத்தில் முன்பின் தெரியாத பெண் தடுமாறினால் பிடிப்போமே, அந்த மாதிரி, கூச்சத்தோடு, எவ்வளவு சீக்கிரம் விடலாம் என்று பார்க்கிற பிடி. அதை நினைத்ததும் வேறு சிலதும் வால் பிடித்துக்கொண்டு வந்தன. சமையலறைக் கதவு நிலையில் அவள் தலை உயரத்துக்குப் பென்சிலால் இழுத்த ஒரு சின்னக் கோடு. அதற்கு ஒரு விரற்கடை கீழே இன்னொன்று. நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, கல்யாணமான புதிதில் பஸ்ஸில் தொலைத்த குடை என்ன நிறம் என்று திடீரென்று கேட்டார். நீலம், ஒரு கம்பி உடைந்தது என்று அவள் பட்டென்று சொன்னாள். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், பெருமூச்சு விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது. அவர் அவளைக் கூப்பிடுகிற பெயர் டைப்பு. பொண்ணு பார்க்க வந்த அன்று ‘என்ன வேலை’ என்று கேட்டதற்கு ‘டைப்பு’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னதற்காக அன்றைக்கே வைத்த பெயர். சண்டை என்றால்கூட ‘ஏ டைப்பு, கோபமா’ என்றுதான் வருவார். அதைக் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. ஆறு வாரமாக அவளிடம் வா, போ என்றுகூட அவர் சொல்லவில்லை. சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே, மழை வரும்போல என்று ஆளைத் தொடாமலே பேசிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் ஆபரேஷனால் வந்தது என்று அவள் நினைத்திருந்தாள். நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். பிறகு திறந்தபோது வந்தது வேறு குரல். தடித்து, அடியில் மணல் உராய்கிற மாதிரி. முதல்முறை ‘என்னங்க’ என்று கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடினார். அவளுக்கு அழுகையாக வந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

நீதிமன்றத்தில் அன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். பூட்டுக்காரர் வழக்கின் தீர்ப்பு. நாளைக் காலை படிப்பார்கள், இன்றைக்கு நீதிபதி சொல்லச் சொல்ல அவள் எழுதி அடிக்க வேண்டும்.

பூட்டு ரிப்பேர் செய்து பிழைத்தவர் அந்த ஆள். சாது. கூண்டில் ஏறும்போதுகூடக் காவலரிடம் ‘வரட்டுமா’ என்று கேட்டுவிட்டு ஏறுவார். மனைவியைக் கொன்றவர். கொன்றதை மறுக்கவில்லை. அது தன் மனைவியே இல்லை, அவளை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு அவள் தோலைப் போர்த்திக்கொண்டு வந்த வேறு எதோ என்று மனசார நம்பினேன் என்றார். வழக்கே அந்த ஒரு சொல்லில்தான் நின்றது. மனசார நம்பினால் மன்னிக்கலாமா?

அரசு வக்கீல் விடவில்லை. நம்பிக்கைக்காக விடுவதென்றால், அரைகுறையாக நம்பினவனுக்கு ஆயுள் தண்டனை, கெட்டியாக நம்பினவனுக்கு வைத்தியமா, நாளைக்கு ஊரில் எல்லோரும் கெட்டியாக நம்ப ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள் என்று மேசையைத் தட்டினார். பூட்டுக்காரரின் வக்கீல், தூக்கத்தில் கையை வீசினவனைக் கைநீட்டி அடித்தான் என்பீர்களா, இவருக்கு அந்தத் தூக்கம் கலையவே இல்லை என்றார். இரண்டு பேர் சொன்னதையும் அவள் ஒரு எழுத்து பிசகாமல் எடுத்தாள். அவளிடம் கருத்துக் கேட்டால் கிடையாது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவள் கண்ட சூட்சுமம் அதுதான்: காதில் வாங்கினதைக் கைக்கு அனுப்ப வேண்டும், வழியில் மண்டைக்குள் இறக்கிவிடக் கூடாது. இறக்கினால் அப்புறம் தூங்க முடியாது. பூட்டுக்காரரின் வாக்குமூலம் தொண்ணூறு பக்கம். அத்தனையையும் அடித்தவள் அவள்தான். அதில் என்ன இருந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒருத்தர் இருந்தார்.

அடித்த நகலை மூலத்தோடு வைத்து வரிக்கு வரி ஒப்பு நோக்க அலுவலகத்தில் ஒரு ஆள் உண்டு. அந்த நாற்காலி இரண்டு வருடமாகக் காலி. வேலை மட்டும் காலியாகவில்லை, அவள் தலையில் விழுந்தது. வழக்குக் கட்டுகளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. தெரிந்தேதான் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீட்டில்தான் முப்பது வருடம் பிழை திருத்தின மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே. அவள் மூலத்தை உரக்கப் படிப்பாள், அவர் நகலில் சிவப்புப் பென்சிலோடு பின்தொடர்வார். சரியாக இருந்தால் ஓரத்தில் ‘ஒத்தது’ என்று போடுவார். சாயங்காலம் ஒரு மணி நேரம், டீயோடு, சிரிப்போடு நடக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் உரக்கப் படிக்க முடியவில்லை. பூட்டுக்காரரின் தொண்ணூறு பக்கத்தை அவர் தனியாகவே பார்த்தார். ஒரே ராத்திரியில் முடிக்கிறவர், அதற்குப் பதினோரு ராத்திரி எடுத்துக்கொண்டார்.

நீதிபதி தன் அறையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பழைய கட்டுகளின் புழுதி நெடியும், அவர் மேசைமேல் ஆறிப்போன காபியின் வாசமும் கலந்து வந்தன. தேதி, எண், சாட்சிகள் என்று ஆரம்பித்து மெதுவாக வாக்குமூலத்துக்கு வந்தார். அவள் பென்சில் தன் பாட்டுக்கு ஓடியது.

“குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்து திரும்பினார். திரும்பியவர் வேறொருவர் என்ற ஐயம் அன்று முதலே அவருக்கு ஏற்பட்டது. மனைவியின் உயரத்தைக் கதவு நிலையில் குறித்து, தினமும் ஒப்பிட்டு வந்தார்.”

பென்சில் ஓடியது.

“பழைய நிகழ்ச்சிகளைக் குறித்துக் கேள்விகள் கேட்டார். மனைவி சரியான விடை சொன்னார். உண்மையான மனைவி மறந்திருப்பார் என்பதால், சரியான விடையே தம் ஐயத்தை உறுதி செய்ததாகக் கூறுகிறார்.”

பென்சில் ஓடியது. கொஞ்சம் மெதுவாக.

“உண்மையான மனைவி தாகத்தோடு வரக்கூடும் என்று, கடைசி நாளன்று காலையில் மூன்றாவதாக ஒரு தம்ளர் நீரை மூடி வைத்தார்.”

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கை நின்றது.

நீதிபதி கண்ணைத் திறந்தார். என்னம்மா என்றார். அவள் கடைசியாக எழுதின வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டு, தன் தம்ளரையே அவள் பக்கம் நகர்த்தினார். கடுகடு மனிதருக்குள் இப்படி ஒரு ஈரம் இருக்கிறதென்று வேறொரு நாளாக இருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பாள். இன்றைக்கு அந்தத் தம்ளரைத் தொட முடியவில்லை. ஒன்றுமில்லை ஐயா, சொல்லுங்க என்றாள்.

சொன்னார். அவள் இந்த முறை மண்டையால் கேட்டாள். கடைசி நாள் சாயங்காலம் பூட்டுக்காரர் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து சுத்தியல்மேல் சுற்றினார். வலி தெரியக் கூடாது என்பதற்காக. அவளிடம் மூன்று முறை கேட்டார்: என் மனைவியை எங்கே வைத்திருக்கிறாய்? ‘நான்தான் உங்கள் மனைவி’ என்றது, அப்படித்தானே சொல்லும் என்று நினைத்தார். பேசாமல் நின்றது, மாட்டிக்கொண்டதால் நிற்கிறது என்று நினைத்தார். அழுதது. அசல் மனைவி மாதிரியே அழுதது. அப்போதுதான் அவருக்குச் சந்தேகமே தீர்ந்தது.

“அவர் அவ்வாறு நம்பினார் என்பதில் இந்த நீதிமன்றத்துக்கு ஐயமில்லை,” என்று சொல்லிவிட்டு நீதிபதி நிறுத்தினார். எழுத வேண்டாம் என்று கையால் காட்டினார். நம்பினது நிஜம், செத்ததும் நிஜம், ரெண்டையும் ஒரே தராசுல எப்படிம்மா வைக்கிறது என்று அவளைக் கேட்டார். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, மனநலக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி முடித்தார்.

அப்போது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது தீர்ப்பைக் கேட்டு அல்ல. ஒரு மாதத்துக்கு முன்னால் சோறு போடும்போது அவள் கணவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். மனசார நம்பிச் செஞ்சா தப்பில்லையா என்று. அவள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பாவம் அந்தப் பூட்டுக்காரர் என்கிற நினைப்பில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? வாய் போன போக்கில் சொன்னது. நினைவில்லை.

தட்டச்சு முடிந்து கட்டைப் பூட்டி வைத்தபோது நாலே முக்கால். யாரிடமாவது சொல்லலாம். என்ன என்று சொல்வது? என் புருஷன் தண்ணீர் மூடி வைத்தார் என்றா? வாக்குமூலம் அவர் கைக்கு எப்படிப் போயிற்று என்று முதலில் கேட்பார்கள். வேலை போகும், அதோடு விடவும் மாட்டார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் செத்துப்போனவளின் தங்கை உட்கார்ந்திருந்தாள். விசாரணை நடந்த அத்தனை நாளும் அதே பெஞ்ச், அதே பழுப்புப் பை. தீர்ப்பு என்ன என்று அவள் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“அவர் நம்பினாருன்னுதானே எல்லாரும் பேசறீங்க. எங்க அக்காவும்தான் நம்பினா. கேள்வி கேக்கறாரேன்னு சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லியிருக்கா. அத எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?”

தொண்ணூறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டாள். கணவர் ஐந்து மணிக்கு ஆற்றுப்பாலம் வரை நடக்கப் போவார், ஆறேகாலுக்குத்தான் திரும்புவார். மழையானாலும் குடையோடு போகிற மனிதர். ஐந்தரைக்குப் போய், இன்னும் வீட்டிலேயே கிடக்கிற அந்தத் தொண்ணூறு பக்க நகலை மட்டும் எடுத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம். ஒன்றுமில்லாததற்குப் பயந்தோம் என்று நாளைக்குச் சிரிக்கலாம். நகலை அங்கேயே விட்டுவிட்டால் மட்டும் சிரிக்க முடியாது.

வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. நிம்மதியாக மூச்சு வந்தது. உள்ளே நுழைந்து விளக்கைப் போடாமல் நின்றாள். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியே சாம்பல் நிறத்தில் வந்து தரையில் கிடந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற ஓசை, தெருவில் ஒரு சைக்கிள் மணி, சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக், எல்லாம் இருந்தன. வீட்டுக்குள் மட்டும் ஒரு ஈர வாடை. துவைத்த துணி உலராமல் அறைக்குள்ளேயே இருந்தால் வருமே, அந்த வாடை. மேசையில் இரண்டு தம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் இருந்தது. தட்டைத் தூக்கிப் பார்த்தாள். விளிம்பு வரை தண்ணீர். புதிதாக ஊற்றினது.

சமையலறைக் கதவு நிலைப்பக்கம் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள். காலையில் இரண்டு கோடுகள்தான் இருந்தன என்று நினைத்தது தப்பு. கிட்டத்தில் பார்த்தால் மேல்கோடு ஒன்றல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழை மயிரிழையாக, முப்பது நாற்பது கோடுகள். கீழே தனியாக இருந்த ஒற்றைக் கோட்டின் பக்கத்தில் பழைய, மங்கின எழுத்து: டைப்பு. அது கல்யாணமான வருடம் விளையாட்டுக்கு அளந்தது. அன்றைக்கு அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் அளவு குறைந்தது. அதைச் சொல்ல இப்போது யாரும் கேட்கவில்லை.

அலமாரியின் கீழ்த்தட்டில் நகல் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். பிரித்தாள்.

பிழை எதையும் அவர் திருத்தவில்லை. எட்டாம் பக்கத்தில், ‘மருத்துவமனையிலிருந்து வந்தது’ என்ற வரிக்கு நேரே ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு தேதி. அவளை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பின தேதி. அதன் கீழே அவருடைய அழகான, பொறுமையான கையெழுத்தில்: ஒத்தது.

பதினான்காம் பக்கம். ‘குரல் அதே குரல்தான், ஆனால் அவள் இல்லை.’ ஓரத்தில்: இங்கே குரலும் வேறு. கூடுதலாகவே ஒத்தது.

இருபத்தொன்பது. உயரம். ஒத்தது.

நாற்பது. கேள்விக்குச் சரியான விடை. நேற்றைய தேதி. நீலம் என்றது. ஒத்தது. அந்தச் சொல்லின்மேல் ஒரு துளி விழுந்து பென்சில் கலைந்திருந்தது. அழுதுகொண்டே எழுதியிருக்கிறார்.

அறுபத்தாறு. தம்ளர். இன்றைய தேதி.

ஒத்தது.

அவர் அவளை ஏமாற்றவில்லை. அவர் மோசம் செய்கிற மனிதரே இல்லை. பதினோரு ராத்திரி மூலத்தையும் நகலையும் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வேலையை, ஒரு வரி விடாமல், நேர்மையாகச் செய்திருக்கிறார்.

கடைசிப் பக்கம். துண்டு. சுத்தியல். மூன்று முறை கேள்வி. ஓரத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது. பக்கத்தின் அடியில் மட்டும், மேற்கோள் குறி போட்டு ஒரு வரி இருந்தது.

“நம்பினவங்களுக்கு அதுதானே நிஜம்.”

அவள் சொன்னது. குழம்புக் கரண்டியோடு.

அந்த வரியின் கீழே, அச்சுக்கு அனுப்பலாம் என்கிறபோது போடுவாரே, அந்தக் கையெழுத்து.

கடிகாரம் டிக் டிக் என்றது. பக்கத்து வீட்டில் பாத்திர ஓசை நின்றிருந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. வாசலில் அவருடைய நடைச்செருப்பு. காய்ந்தது. குடை ஆணியில். பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. முன்கதவைப் பூட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்திருக்கிறார்.

குளியலறையில் தண்ணீர் சொட்டியது.

குழாய் இல்லை. துணி.

யாரோ பிழிகிறார்கள். மெதுவாக. முறுக்கி. இன்னொரு முறை முறுக்கி.

ஓடு என்றாள் தனக்கு. வாசலுக்கு எட்டடி. குளியலறைக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கதவு திறந்தது.

அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். காதில் சிவப்புப் பென்சில். கண்கள் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. வலது கையில் நீலத் துண்டு, கெட்டியாகச் சுற்றி, முனையில் கனத்துத் தொங்கியது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அவள்மேல் அவருக்குக் கோபம் கொஞ்சம்கூட இல்லை. அதைப் பார்த்ததும்தான் உயிரே போயிற்று.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அவளை மரியாதையாக அழைத்தார்.

“சொல்லிடுங்க. டைப்பு எங்கே? அவள எங்க வெச்சிருக்கீங்க?”

நான்தான் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் நின்றால் என்ன ஆகும் என்றும் தெரியும். அழுதால் என்ன ஆகும் என்பதை அவளே இன்றைக்கு மூன்று பிரதி எடுத்து முத்திரை வைத்திருந்தாள். வேறு விடை எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். மேசைக் கோடியில் இருந்த மூடிய தம்ளரைத் தண்ணீர் சிந்தாமல், ஜாக்கிரதையாக, சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

“என்னங்க…” என்றாள் அவள், அந்தக் குரலில்.

அவர் தலையை அசைத்தார். இடது கையால் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.